குழிக்குப் போட்ட பாலம்

அன்பு மகள் வாண்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும், கேட்டதாக வைத்துக்கொள். மாப்பிள்ளையையும் பேத்தியையும் விசாரித்ததாகச் சொல். இங்கே நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போய் வருகிறேன். மழை விட்டுவிட்டது. கூடத்தில் ஒழுகும் இடத்தில் உன் அம்மா வைத்த வாளி அப்படியே இருக்கிறது. எடுத்து வைக்கத் தோன்றவில்லை, தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன்.

"அன்னைக்கு என்னதான்ப்பா நடந்துச்சு?" என்று நீ போனில் எத்தனையோ முறை கேட்டுவிட்டாய். நானும் ஒவ்வொரு முறையும் "ஒண்ணும் இல்லம்மா, விடு" என்று சொல்லி பேச்சை மாற்றிவிட்டேன். போனில் எனக்குச் சொல்ல வராது. நீ அழ ஆரம்பித்தால் வீடியோவில் படம் நின்றுவிடுகிறது. பாதி கண் மூடிய உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்னத்தைச் சொல்ல? அதனால்தான் பேனாவை எடுத்தேன். உனக்கு லீவு கிடைக்காமல் போனதைப் பற்றி நீ திரும்பத் திரும்பச் சொல்லாதே. வந்திருந்தாலும் நீ செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது. நாங்களே கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றோம்.

உன் அம்மாவின் தையல் மெஷினை விற்றுவிடலாமா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். இருக்கட்டும் என்றேன். அதில் ஒரு சட்டை பாதியில் நின்றிருந்தது. ஒரு கை தைத்து முடித்திருந்தாள், இன்னொரு கை தைக்கவில்லை. சட்டைக்குச் சொந்தக்காரர் வந்து, வாசலில் நின்று, கேட்கவும் முடியாமல் போகவும் முடியாமல் தவித்தார். நானே எடுத்துக் கொடுத்தேன். அந்த ஒற்றைக் கையோடு மடித்து வாங்கிக்கொண்டு போனார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் உனக்கு எங்கள் ராணுவ டிப்போவின் பாலவண்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ கல்யாணமாகிப் போன பிறகு வந்த வண்டிகள் அவை. உன் அம்மா கேலி பண்ணித்தான் உனக்குத் தெரிந்திருக்கும், நேரில் பார்த்ததில்லை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தவை. லாரி மாதிரிதான், ஆனால் முதுகில் ஒரு இரும்புப் பாலத்தை மடித்துச் சுமந்துகொண்டிருக்கும். நெம்புகோலைத் தள்ளினால் பாலம் மெதுவாக எழும்பி, கத்தரிக்கோல் விரிவது போல விரிந்து, எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துவிடும். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் டாங்கியே ஏறிப் போகலாம். நல்ல வண்டி. அதில் பொய் இல்லை. அதைச் செய்தவன் தெரிந்துதான் செய்திருக்கிறான்.

அதை வாங்குவதற்கு ஆன செலவை ஒருநாள் பேப்பரில் போட்டிருந்தான். உன் அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். "இந்தக் காசுல நம்ம ஆத்துக்கு நாலு பாலம் கட்டியிருக்கலாமே, இதென்ன கூத்து?" என்றாள். உனக்குத்தான் தெரியுமே, பழைய பாலத்தின் நடுக்கண் இடிந்து விழுந்து எத்தனை மழைக்காலம் ஆயிற்று. இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி, நடுவில் ஒன்றுமில்லாமல் நிற்கிறது. ஆஸ்பத்திரி அக்கரையில், ரயில் நிலையம் அக்கரையில். படகை விட்டால் அணைக்கட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், அரை நாள் போய்விடும்.

டிப்போவில் அந்த வண்டிகளை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பாய். வாரா வாரம் ஸ்டார்ட் செய்து, மைதானத்துக்குள்ளேயே ஒரு சுற்று சுற்றி, கிரீஸ் போட்டு, டயருக்குக் கறுப்படித்து, தார்ப்பாயால் மூடுவோம். அவை போர்க்கால இருப்பு. சுற்று முடிந்ததும் கதவில் ஈய முத்திரை போட்டுவிடுவார்கள், மறுபடி உத்தரவு வந்தால்தான் வெட்டலாம். மைதானத்தைத் தாண்டிப் போகக் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை மேலிடத்திலிருந்து ஆள் வந்து பார்ப்பார்கள். பாலத்தை விரித்துக் காட்ட வேண்டும் அல்லவா? வெறும் தரையில் விரித்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று மைதானத்தின் ஓரத்தில் ஒரு குழி வெட்டினோம். பாலத்தின் நீளத்துக்கு ஏற்ற குழி. கரை சரியாமலிருக்க இரண்டு பக்கமும் சிமெண்ட் பூசினோம். பிறகு ஒரு கமாண்டர் வந்து, குழியில் தண்ணீர் இருந்தால் போட்டோவில் ஆறு மாதிரி விழும் என்றார். அன்று முதல் தண்ணீர் லாரி வரவழைத்து நிரப்புகிறோம். பாலத்தை விரிப்போம், விருந்தினர் அதன் மேல் நடந்து அக்கரை போவார்கள், திரும்பி வருவார்கள், கைதட்டுவார்கள். நாங்கள் மடித்து வைத்துவிடுவோம்.

ஒரு வருஷம் எங்கள் குடும்பங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். உன் அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாலத்தில் ஏறினாள். நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஏங்க, இது எங்க போறதுக்கு?" என்றாள். மைதானமே சிரித்தது. கமாண்டர் திரும்பிக்கொண்டு சிரித்தார். எனக்கு ஒரு பக்கம் மானம் போயிற்று, ஒரு பக்கம் சிரிப்பு. அன்றிலிருந்து வீட்டில் எனக்கு "குழிக்காரர்" என்று பேர் வந்துவிட்டது. காபி வேண்டும் என்றால்கூட, "குழிக்காரருக்கு இப்ப என்ன வேணுமாம்?" என்பாள். ஆனால் நான் உட்காருகிற இரும்பு சீட் குளிரும் என்று, பழைய திரைச்சீலையை வெட்டி உள்ளே பஞ்சு வைத்து ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தவளும் அவள்தான். அது இப்போதும் வண்டியில் கிடக்கிறது.

இடிந்த பாலத்தின் இடைவெளி எங்கள் குழியைவிடக் குறைவுதான். அதை முதலில் கவனித்தவளும் அவளே. படகில் போகும்போது அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, "உங்க வண்டி ஒண்ணைக் கொண்டாந்து அங்க நிறுத்தினா ஜனங்க நடந்து போகலாமே" என்றாள். அதைத்தான் ஊரார் எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனுவாகக் கொடுத்தார்கள். போர்க்கால இருப்பைப் பொது உபயோகத்துக்குக் கொடுக்க இயலாது என்று பதில் வந்தது. மனு கொடுத்தவர்களுக்கு நன்றியும் சொல்லியிருந்தார்கள்.

இனி அன்றைக்கு நடந்தது.

காலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிசைகிற மாதிரி இருக்கிறது என்றாள். வாயுவாக இருக்கும் என்று அவளே சொல்லி, வெந்நீர் குடித்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். நான் டிப்போவில் நுழைந்து தார்ப்பாயைக்கூட அவிழ்க்கவில்லை, பக்கத்து வீட்டு அக்கா போன் பண்ணிவிட்டார். உன் அம்மா மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாளாம். நர்ஸம்மாவைக் கூப்பிட்டு வந்து பார்த்தார்களாம். இருதயம்தான், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டாராம். ஆற்றில் வெள்ளம், படகைக் கரையில் கட்டிவிட்டார்கள். அக்காவின் தம்பி வேனை எடுத்துக்கொண்டு வந்தான். ஆனால் அணைக்கட்டு வழியில் பள்ளத்தில் தண்ணீர் ஏறிவிட்டதாகச் சொல்கிறார்கள், போகலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்டான்.

நான் சொன்னேன், "போகாதே. இடிஞ்ச பாலத்துக்கிட்ட கொண்டுபோய் நிறுத்து. நான் பாலத்தைக் கொண்டு வர்றேன்."

காத்திருக்கச் சொன்னது நான்தான், வாண்டு. இதை நீ வேறு யாரிடமிருந்தும் கேட்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

நேராகக் கமாண்டரிடம் ஓடினேன். இவர் புதியவர், சின்ன வயது, அன்று சிரித்தவர் இல்லை. ஈரச் சட்டையோடு மேஜைக்கு முன்னால் நின்று என்ன உளறினேனோ, முழுசும் கேட்டுக்கொண்டார். தலைமையகத்துக்குப் போன் போட்டார். எழுத்து மூலம் கோரிக்கை அனுப்பச் சொன்னார்கள் போலிருக்கிறது. "சார், ஒரு உயிர் சார்" என்று இரண்டு முறை சொன்னார். பிறகு போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "வண்டியை எடுங்க. வர்றது வரட்டும், நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த மனிதரை நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடவேண்டும். அதற்குள் அவரை மாற்றிவிட்டார்கள்.

முத்திரையை நானே வெட்டினேன். என் கூட்டாளி நெட்டை இருக்கிறானே, அவன் தார்ப்பாயை அவிழ்க்கவில்லை, கத்தியால் கிழித்தே போட்டான். ஒரே ஸ்டார்ட்டில் என்ஜின் பிடித்தது. நான் மெத்தையில் உட்கார்ந்தேன். எனக்கு அப்போது பயம் இருந்தது, ஆனால் கூடவே ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இத்தனை வருஷம் துடைத்துத் துடைத்து வைத்த வண்டி முதல்முதலாக ஒரு வேலைக்குப் போகிறது. அதுவும் என் வீட்டு வேலைக்கு. அவள் பாலத்தில் ஏறி அக்கரை போகும்போது, "இப்ப தெரிஞ்சுதா எங்க போறதுக்குன்னு?" என்று கேட்க வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

நெட்டை வண்டிக்கு முன்னால் பின்பக்கமாக நடந்து, வா வா என்று கையை ஆட்டிக்கொண்டே போனான். காவல்காரன் கேட்டைத் திறந்துவிட்டுச் சல்யூட் அடித்தான். அப்போது நெட்டையின் கை அப்படியே நின்றுவிட்டது. ஆட்டவும் இல்லை, இறக்கவும் இல்லை. அவன் என்னைப் பார்க்கவில்லை, எனக்கு மேலே பார்த்தான்.

கேட்டுக்கு மேலே வளைவு இருக்கிறது. வண்டிகள் வந்தபோது அது கிடையாது. இரண்டு தூண்கள்தான், நடுவில் வானம். முந்தின வருஷம் அமைச்சர் வருகிறார் என்று தூண்களைச் சேர்த்துக் கான்கிரீட் வளைவு கட்டி, "எந்நேரமும் தயார்" என்று பித்தளை எழுத்தில் பதித்தார்கள். தினமும் அதன் கீழேதான் நாங்கள் எல்லாரும் சைக்கிளிலும் பஸ்ஸிலும் போய் வந்தோம். நன்றாக இருக்கிறது என்று அதன் கீழே நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டோம். பாலவண்டி அதற்குள் நுழையுமா என்று ஒருத்தருக்கும், கட்டியவனுக்கும் சரி, கட்டச் சொன்னவனுக்கும் சரி, தினம் அந்த வண்டியைத் துடைக்கிற எனக்கும் சரி, ஒருநாள்கூடத் தோன்றவில்லை. வெளியே போகாத வண்டிக்கு வாசலைப் பற்றி யார் நினைப்பார்கள்?

டயரில் காற்றை இறக்கினோம். எல்லா டயரிலும் ஆளுக்கொன்றாக உட்கார்ந்து இறக்கினோம். அப்படியும் ஒரு சாண் இடித்தது. பாலத்தைத் தனியாகக் கழற்றி இறக்கலாம் என்றால் அதற்குக் கிரேன் வேண்டும், கிரேன் பழுது பார்க்கப் போயிருந்தது. மதிலை இடிக்கலாம் என்றால் மதிலுக்கு வெளியே சுற்றிலும் அகழி. ஸ்டோர்காரர், அகழிக்கு மேலே ஒரு பாலத்தை விரித்து அதன் மேல் இன்னொரு வண்டியை ஓட்டிப்போகலாமே என்றார். அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஆனால் அதற்கும் மதிலை இடிக்க வேண்டும், அதற்கு மத்தியானம் ஆகிவிடும்.

அப்போது கமாண்டர் வளைவையே உடைக்கச் சொன்னார். கடப்பாரை, சம்மட்டி, கையில் கிடைத்ததெல்லாம் கொண்டு வந்தோம். வண்டி மேலேயே ஏறி நின்று அடித்தோம். அவரும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அடித்தார். பித்தளை எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. வளைவு அசையவில்லை. இந்த ஊரில் ஆற்றுப்பாலம் விழுந்தது, பள்ளிக்கூடக் கூரை விழுந்தது, அந்த வளைவை மட்டும் எவனோ ஒழுங்காகக் கட்டித் தொலைத்திருக்கிறான்.

நடுவில் வேன்காரத் தம்பி இரண்டு தடவை போன் பண்ணினான். இதோ, இதோ என்றேன். மூன்றாவது தடவை அவன் என்னைக் கேட்கவில்லை. "அண்ணே, இனிமே தாங்காது, சுத்தியே போறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். நான் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு மழையில் நின்றேன். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, அதை அணைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

பள்ளத்தில் தண்ணீர் வடியக் காத்திருந்தபோது போய்விட்டாள். நர்ஸம்மா கூடவே இருந்தார். கடைசியில் கஷ்டப்படவில்லை என்கிறார், அப்படித்தானே சொல்வார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு விஷயம் சொன்னார். இடிந்த பாலத்தருகே காத்திருந்தபோது உன் அம்மா நினைவோடுதான் இருந்தாளாம். ரொம்ப நேரம் ஆயிற்றே என்று அக்கா முணுமுணுத்ததற்கு, "வருவாரு. குழியையும் சேர்த்துத் தூக்கிட்டு வர்றாரோ என்னவோ, அதான் லேட்டு" என்றாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தாளாம். அக்கா இதைச் சொல்லும்போது அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. கோபமாவது வந்திருக்கலாம், அதுவும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருக்கிறது.

அதற்குப் பிறகு விசாரணை நடந்தது. உன் அம்மாவைப் பற்றி இல்லை, முத்திரையைப் பற்றியும் வளைவைப் பற்றியும். விசாரிக்க வந்தவர் மரியாதையான மனிதர், டீ கொடுத்து உட்காரச் சொல்லித்தான் கேட்டார். முத்திரையை வெட்டியது யார், தார்ப்பாயைக் கிழித்தது யார், எழுத்துகளை உடைத்தது யார் என்று கேட்டார். நான்தான், நான்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வண்டி வெளியே போக முடியாது என்பதையும் சொன்னேன். அதைக் குறித்துக்கொண்டார்.

போன வாரம் ஆய்வு நாள். லாரியில் தண்ணீர் கொண்டு வந்து குழியை நிரப்பினோம். மழையிலேயே பாதி நிரம்பித்தான் இருந்தது, இருந்தாலும் லாரியும் வந்தது. நான்தான் நெம்புகோலைத் தள்ளினேன். பாலம் அழகாக விரிந்தது. விருந்தினர் ஒருவர் என்னிடம் வந்து, அவசரம் என்றால் எவ்வளவு நேரத்தில் போட முடியும் என்று கேட்டார். ஒரு டீ குடிக்கிற நேரம் என்றேன். பிரமாதம் என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். நெட்டை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இவ்வளவுதான் நடந்தது. நீ கேட்டாய், நான் எழுதிவிட்டேன். இதைப் படித்துவிட்டு உடனே போன் பண்ணாதே. ரெண்டு நாள் போகட்டும். பேத்திக்குச் சளி பிடித்திருந்தது என்றாயே, இப்போது பரவாயில்லையா? குளிரில் காதை மூடிவிடு. உன் அம்மா இருந்தால் அதைத்தான் முதலில் எழுதச் சொல்லியிருப்பாள்.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா


அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. போன் பண்ணாமல் நீயும் கடிதமே எழுதினாய், அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. காகிதத்தில் சில இடங்களில் மை கலைந்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

"காத்திருக்கச் சொன்னதை நினைச்சு நீங்க நோகாதீங்கப்பா, நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்" என்று எழுதியிருக்கிறாய். சரி அம்மா. நீ எழுதியிருக்கிற மாதிரி நினைத்துப் பார்க்கிறேன். பகலில் சில சமயம் அப்படி நினைக்க முடிகிறது. மாப்பிள்ளையும் வேலையை விட்டுவிட்டு அங்கேயே வந்து இருங்கள் மாமா என்று எழுதியிருக்கிறார். நல்ல மனசு. அங்கே வந்து நான் என்ன செய்வேன்? இங்கே இன்னும் கொஞ்ச காலம் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. அதுவும் இப்போது என்னை விடமாட்டார்கள்.

ஏனென்றால் புது வண்டிகள் வருகின்றன. ஆமாம், பாலவண்டிகள்தான். ஆய்வு திருப்தியாக இருந்ததாம், அதனால் இன்னும் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். இது பழசைவிடப் பெரிசாம், உயரமும் கூடவாம். ஓட்டப் பழக்கிக் கொடுக்க அனுபவமுள்ள ஆள் வேண்டும் என்று என் பேரைப் போட்டிருக்கிறார்கள்.

வளைவை என்ன செய்தார்கள் என்று கேட்டிருந்தாய். பூசி, சுண்ணாம்படித்து, எழுத்துகளைப் புதிதாகச் செய்து மாட்டிவிட்டார்கள். புது வண்டிகளுக்காகப் பின்பக்க மதிலை இடிக்கிறார்கள். அகழியைக் கொஞ்ச தூரம் மண் போட்டு மூடியாயிற்று. வண்டிகள் உள்ளே வந்ததும் மதிலை மறுபடி எழுப்பி, அகழியையும் பழையபடி வெட்டிவிடுவார்களாம். பாதுகாப்பு விஷயமாயிற்றே. வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த புது கமாண்டரிடம், அப்புறம் எப்படி சார் வெளியே கொண்டு போவது என்று கேட்டுவிட்டேன். கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை, வாய் தானாகக் கேட்டுவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்து, "வெளிய எதுக்குய்யா கொண்டு போகணும்?" என்றார். அதட்டவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

புதுப் பாலம் நீளம் ஜாஸ்தி என்பதால் பழைய குழி பத்தாதாம். பக்கத்திலேயே இன்னொரு குழி வெட்டுகிறார்கள். உன் அம்மா இருந்திருந்தால் இதற்கு ஒரு வாரம் சிரித்திருப்பாள். குழிக்காரருக்குப் பிரமோஷன் வந்துடுச்சு என்று தெரு பூராவும் சொல்லியிருப்பாள். நேற்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டேன். பிறகு கூடத்தில் அந்த வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதும் அழுகை வரவில்லை, ஆனால் அந்தப் பல் ஊசியின் மரப்பு விடும்போது வலிக்குமே, அப்படி ஏதோ கொஞ்சம் வலித்தது. பரவாயில்லை என்று தோன்றியது.

மெத்தையை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். அதை அந்த வண்டியில் விட்டு வைக்க மனசு வரவில்லை. உரையைப் பிரித்துத் துவைக்கலாம் என்று பார்த்தால் தையல் அவ்வளவு நெருக்கம், பிரிக்க முடியவில்லை. அப்படியே மெஷின் நாற்காலியில் போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் லீவு கிடைக்கும், பேத்தியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வா. அறையைச் சுத்தம் செய்து வைக்கிறேன். ஒழுகும் இடத்துக்கு ஆள் சொல்லியிருக்கிறேன். பிள்ளை என்ன சாப்பிடும் என்று முன்னமே எழுது, பக்கத்து வீட்டு அக்கா செய்து தருகிறேன் என்கிறார். எனக்குச் சோறு வடிக்கவும் முட்டை வேகவைக்கவும் தெரியும், அதற்கு மேல் போகவில்லை.

கடைசியாக ஒன்று. இதை மட்டும் நீ கேட்டே ஆகவேண்டும். ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்தால் எதிரே ஆறு, அக்கரையில் நம் வீட்டுத் தெரு முனை தெரியும். தெரு முனையில் நான் நிற்பதுகூடத் தெரியும். படகுக்காரர் வந்து பையைப் பிடுங்காத குறையாகக் கூப்பிடுவார், இதோ ஏறினால் இதோ இறங்கலாம் என்பார். அவர் நல்லவர்தான், வெள்ளமும் இப்போது இல்லை. ஆனாலும் ஏறாதே. பேத்தி பக்கத்தில்தானே என்று அடம்பிடித்தாலும் ஏறாதே. பாலம் வருகிறது, இன்று போடுகிறார்கள், நாளை போடுகிறார்கள் என்று யார் சொன்னாலும், நானே போன் பண்ணிச் சொன்னாலும், நம்பி அங்கே நிற்காதே. பஸ் ஏறி, அணைக்கட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வா. அரை நாள் ஆகட்டும், இருட்டிப் போகட்டும், நான் இந்தப் பக்கம் பஸ் நிற்கும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். பாலம் போடுவதுதான் என் வேலை, ஆனால் உங்களை இந்தக் கரைக்குக் கொண்டுவர எனக்கு வேறு வழி தெரியவில்லை, வாண்டு. சுற்றியே வந்துவிடுங்கள்.

நீங்கள் மூவரும் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வருகையைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அப்பா